யாரும் தேடி வராதவை

சாந்தியாகோவில் முதலில் பெயரைக் கேட்பார்கள்.
அடுத்தது, எந்தப் பள்ளி.
பல் பிடுங்கும்போது கேட்பார்கள்,
கல்யாணத்தில் கையில் கோப்பையோடு கேட்பார்கள்,
வேலைக்கு எடுக்கும் முன் கேட்பார்கள்,
எடுக்காமல் விடவும் அதையேதான்.
பதில் காதில் விழுந்ததும்
கண்சிமிட்டும் நேரத்தில்
உன் அப்பா யார், உன் தெரு எது,
உனக்குப் பனிச்சறுக்கு வருமா என்பது வரை
கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள்.

நான் வேலை செய்யும் பள்ளியின் பெயரைச் சொல்லிவிடுவேன்.
பொய்யில்லை.
இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன்.
அமைச்சர்களாகப் போனவர்கள்கூடப்
பன்னிரண்டோடு கிளம்பிவிட்டார்கள்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், படிக்கட்டின் அடியில்
தொலைந்த பொருள் அறை.
சாவி என்னிடம். என் பெயர் எர்மிந்தா,
அது கதவில் இல்லை.
கதவில் இருப்பது: தினமும் மூன்று முதல் நான்கு வரை.
அந்த ஒரு மணி நேரமும் கம்பளி பின்னுவேன்.
யாரும் வருவதில்லை.

ஹாக்கி மட்டை, ஒற்றை ஷூ,
பல்லுக்குப் போடும் கம்பி,
உறை பிரிக்காத கால்குலேட்டர்,
ஒருமுறை ஒரு செல்லோ.
அவ்வளவு பெரிய ஒன்றை மறக்க முடியும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
இரண்டு மாதம் மூலையில் நின்றது,
கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி.
அதற்குள் அந்தப் பையனுக்கு வேறொன்று வாங்கிவிட்டார்கள்.

அதனால்
தேடி வருகிறவர்களை எனக்கு உடனே தெரியும்.
உதவித்தொகைப் பட்டியலை நான் பார்த்ததில்லை.

ஒரு ஜூன் மாதம்,
மலையே இல்லாத ஊர் போலப் புகை கவிந்திருந்த நாள்,
யஸ்னா மில்லபான் வந்தாள். ஏழாம் வகுப்பு.
சாம்பல் நிறக் கையுறை, இடது கை,
கட்டைவிரலில் வேறு நூலால் தைத்திருக்கும் என்றாள்.
பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினோம்.
கிடைத்தது.
மாட்டிக்கொண்டு விரல்களை ஒருமுறை விரித்துப் பார்த்தாள்.
கதவு வரை போய்த் திரும்பி,
'நான் வந்ததை யாரிடமும் சொல்லாதீர்கள்.'
சொல்லவில்லை.
இப்போது உங்களிடம்தான்.

பிறகு பார்த்ததெல்லாம் தூரத்திலிருந்து.
எங்கள் பக்கம் நாக்கில் 'ஷ' என்று வழுக்கும் எழுத்தை
மேட்டுப் பக்கத்தார் 'ச்ச' என்று கடித்துத் துப்புவார்கள்.
மூன்றாம் வருஷம் அவளும் கடித்தாள்.

அப்புறம் ஒரு செப்டம்பரில்
பெட்டியில் ஒரு கோட்டு. நல்ல கம்பளி.
காலரின் உள்பக்கம், மை கலங்கி,
யாரோ ஒரு தாயின் நிதானமான கையெழுத்தில்
ய. மில்லபான்.
மடித்து மேல்தட்டில் தனியாக வைத்தேன்.
மூன்று முதல் நான்கு வரை
பின்னல் ஊசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு வாரம்.
மூன்று வாரம்.
ஒருநாள் முற்றத்தில், புதுக் கோட்டில், அவள்.
என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்,
எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைக்கிற மாதிரியே.

சந்தோஷப்பட்டாயா என்று கேட்டால்
பட்டேன்.
அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை,
அதுவும் உண்மை.

டிசம்பரில் மிச்சத்தையெல்லாம் மூட்டை கட்டிக்
கீழே, எங்கள் பக்கத்துத் தேவாலயத்துக்கு அனுப்புவார்கள்.
அதற்கு முன் பாக்கெட்டுகளைத் துழாவுவது என் வேலை.
அவள் கோட்டில் ஒரு பேருந்து அட்டை இருந்தது.
அதையும் தேடவில்லை.

அன்று மாலை, ஏன் அப்படிச் செய்தேனோ,
என்னுடையதை எடுக்காமல் அதை நீட்டினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
ஒரே ஒரு பயணத்துக்குத்தான் மீதி இருந்தது.
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
பேருந்து சரிவில் இறங்கத் தொடங்கியது.
அவள் இறங்கும் நிறுத்தம் எதுவென்று எனக்குத் தெரியாது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
கதவு திறந்து மூடும் வரை
பார்த்துக்கொண்டே போனேன்.